வாடகைக்கு விட்ட வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்றார்கள் நம் பெரியோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப்பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். சென்ற மாதம் நம்முடன் கல்லூரியிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர், பண்டாரவளையிலுள்ள தமது வீட்டின் மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கப் போவதாகவும், தரகருக்குக் காசு அழாமல் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லி, "அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது?" என்று கேட்டார். வித்தை ஒன்றுமில்லைதான். ஆயினும் நாம் செய்த பிழைகளை அவருக்கு எடுத்துச் சொன்னோம். தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தவர், "இதை எழுதும்" என்றார். எழுதுகிறோம்.

நம் தந்தையார் ஊவா மலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டு காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு வருவது; வேலையோடு போவது. கணக்கப்பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸ் என்றாலும், தொழிலாளிக்குப் 10 அடிக்கு 12 அடிக் காம்பிரா என்றாலும் விதி ஒன்றுதான். பெயர் நீங்கிய நாளிலே கூரையும் நீங்கிவிடும். தந்தையார் ஓய்வுபெற்ற மாதமே குவார்ட்டர்ஸை ஒழித்துக் கொடுக்கும்படி கடிதம் வந்தது. கையிற் கிடைத்த சேமலாப நிதியைக் கொண்டு பதுளையில், பசறை வீதிப் பக்கத்துச் சரிவொன்றில், மேலும் கீழுமாக இரண்டு பகுதி கொண்ட சிறு வீட்டை எழுப்பினார். மேற்பகுதியில் நாம். கீழ்ப்பகுதி, அவர் காலத்துக்குப் பின், வாடகைக்கு.

2016இல் முதலிற் குடிவந்தவர்கள் இளம் தம்பதியர். கணவர் நகரத்துக் கடையொன்றில் வேலை. முகம் பார்த்தோம், பேச்சுப் பிடித்தது, திறப்பைக் கொடுத்துவிட்டோம். எழுத்தும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. 'நம்மவர்தாமே, சீட்டு எழுதி நீட்டுவது மரியாதையா?' என்ற எண்ணம். ஓராண்டு ஒழுங்காக வாடகை வந்தது, பிறகு பாதியாயிற்று, பிறகு நின்றது. ஏழு மாதம் பொறுத்தோம். ஒருநாள் கல்லூரியால் வந்த களைப்போடு, கீழ்வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டோம். அன்று மாலையே பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

நாம் ஆசிரியர் என்பதற்காக உட்கார நாற்காலி கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. வாடகை பாக்கி என்றோம் நாம். மாதாமாதம் கையிற் கொடுத்தேன் என்றார் அவர். சாட்சி யார்? சீட்டு எங்கே? இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை. குழாயை உடனே திறந்துவிடும்படி அதிகாரி உத்தரவிட்டார். அவர் செய்தது சரியே. வாடகை பாக்கியுள்ளவரை வெளியேற்றுவதற்கு வழி நீதிமன்றம் ஒன்றே. தண்ணீரை நிறுத்துவதும், கதவின் பூட்டை மாற்றுவதும், தட்டுமுட்டுச் சாமான்களை முற்றத்தில் வைப்பதும் வீட்டுக்காரரையே குற்றவாளிக் கூண்டுக்கு அருகிற் கொண்டுபோய் நிறுத்தும். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. இடத்தகராறினால் அமைதி குலையக்கூடும் என்று பொலிஸார் அறிக்கை செய்தால், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பவும் அங்கேயே குடியமர்த்த நீதிமன்றம் கட்டளையிடலாம். யாருடைய வீடு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. யார் இருந்தார், யார் துரத்தினார் என்பதுதான் கேள்வி.

அத்தம்பதியர் மூன்று மாதங் கழித்துத் தாமாகவே போய்விட்டனர். போகும்போது மின்பட்டியலில் நிலுவை விட்டுச் சென்றனர். கணக்கு நம் பெயரில் இருந்தமையால் நாமே கட்டினோம். ஒரே மானியில் இரண்டு குடும்பம் ஓடவிடுவது எவ்வளவு மடமை என்பது பின்னர்தான் விளங்கிற்று. அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் முறையிலே பட்டியல் கணிக்கப்படுவதால், இரு குடும்பத்தின் சிக்கனமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பணக்காரனின் ஆடம்பரமாகக் கணக்காகிவிடும். 'வாடகையுள் மின்சாரமும் அடக்கம்' என்று பெருந்தன்மையோடு பேசியிருந்தவர்கள், 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பட்ட பாட்டை நாம் அறிவோம். தனி மானி பொருத்தும் செலவு ஒருமுறைச் செலவு.

2022இல் கீழ்வீட்டுக்கு வந்தவர்கள் நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தினர். தகப்பன் கொழும்பில் வேலை, தாய் நகரத்துத் துணிக்கடையில், இரண்டு பிள்ளைகள், எல்லாரையும் ஆளும் அப்பாயி ஒருவர். பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கூடத்திற் படிக்கவைப்பதற்காகவே மலையை விட்டு இறங்கியவர்கள். பதுளையில் வாடகைக்கு இருக்கும் தோட்டக் குடும்பங்களில் எத்தனையோ இத்தகையன.

இம்முறை சீட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தோம். முதல் மாத வாடகையைப் பெற்று, "இந்தாருங்கள் பற்றுச்சீட்டு" என்று நீட்டினோம். அப்பாயியின் முகம் கறுத்துவிட்டது. "ஐயா, வந்து ஒரு மாசந்தானே ஆச்சு, அதுக்குள்ள பத்துச்சீட்டா?" என்றார். தோட்டத்திலே அச்சொல்லுக்கு வேலைநீக்கச் சீட்டு என்று பொருள். அது கையில் வந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான். இந்தச் சீட்டு இருக்கும்வரை உங்களை யாரும் துரத்த முடியாது என்று விளக்கியபின், அதை வாங்கி பிஸ்கட் தகரத்துள் வைத்துக்கொண்டார்.

சீட்டு குடியிருப்பாளருக்குப் பாதுகாப்பு. வீட்டுக்காரருக்கு அதைவிடப் பாதுகாப்பு என்பதைப் பலர் உணர்வதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு காணியைப் பத்தாண்டு எதிரிடையாக அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். வாடகை செலுத்துவது உரிமையாளரை ஒப்புக்கொள்வதாதலால், செலுத்தி வருபவர் அவ்வாறு கோரமுடியாது. ஆகவே, 'சும்மா பார்த்துக்கொள்ளட்டும்' என்று எழுத்தின்றி, காசின்றி உறவினரைக் குடிவைத்துவிட்டு வெளிநாடு போகின்ற அன்பர்கள்தாம் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர்.

இனி, நாம் சொல்லக் கூசும் பிழைக்கு வருகிறோம்.

2023இல் மூத்த பையனை முதலாம் தரத்திற் சேர்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பிப்பதானால் தேர்தல் இடாப்பு, வீட்டு உறுதி அல்லது பதிவுசெய்த குத்தகை உறுதி முதலியவற்றுக்குப் புள்ளி உண்டு. "மாஸ்டர், நொத்தாரிசு முன்னால எழுதிக் கொடுத்தீங்கன்னா புள்ளைக்கு உதவியா இருக்கும். செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்று தாய் வந்து நின்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னோம். நண்பர்களைக் கேட்டோம். எல்லாரும் ஒரே குரலிற் சொன்னது: "எழுதிக் கொடுத்தால் வீடு போயிற்று." ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளினோம். விண்ணப்ப முடிவுத் திகதி கடந்தது. பையன் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனான். காலை ஆறு மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிறான். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது நம் தொழில் என்று மேடையிற் பேசியிருக்கிறோம்.

நண்பர்களின் அச்சம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்திற்று. குடியிருப்பாளரை எழுப்புவதற்குரிய காரணங்களைச் சுருக்கிற்று. அவர் இறந்தால் அவர் குடும்பத்தார் அவ்வுரிமையைத் தொடரவும் வழி செய்தது. அடுத்த ஆண்டிலேயே வீடுடைமைக்கு உச்சவரம்பு வந்தது. இருபது, முப்பது ஆண்டு வழக்காடி ஓய்ந்தவர்களின் கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆனால் அந்தக் கதைகளிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழானது. அச்சட்டம் வாய்மொழிக் குடியிருப்பாளரையும் அவ்வாறே காத்தது. எழுதாமல் விட்டதனால் எவரும் தப்பவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பி, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி, 'இரண்டு வருட ஒப்பந்தம்' என்று பெட்டியிற் பூட்டி வைத்திருக்கும் அன்பர்களிடம் இருப்பது இரண்டு வருடக் குத்தகையன்று; மாத வாடகை மட்டுமே. அதுமட்டுமன்றி, தவணை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்பதற்கென 2023இல் தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அது துணை நிற்பது முறைப்படி எழுதிய குத்தகைக்கே. அப்பிள்ளையின் தாய் கேட்ட உறுதி அவருக்கு உதவியிருக்கும், நமக்கும் உதவியிருக்கும். வீட்டு வாடகைச் சட்டங்கள் அடிக்கடி கைவைக்கப்படுவன. ஆதலால் எழுதுமுன் அன்றைய நிலையைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிதல் நலம்.

மாணவர்க்கு அறை விடுவோர் பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பசறை வீதியில் அறை வாடகை ஒரு கைத்தொழிலாகிவிட்டது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் எல்லாம் மூடப்பட்டபோது, ஆளில்லா அறைக்கு வாடகை உண்டா என்ற சண்டை எங்கும் நடந்தது. விடுமுறை மாதத்துக்கு என்ன கணக்கு என்பதை முதல் நாளே பேசாத குறைதான். முற்பணத்தை வாங்கிய கையோடு செலவழித்துவிட்டு, திருப்பிக் கேட்கும்போது சுவரில் ஆணியடித்த துளைகளை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பதுளை மாவட்டத்தில் வீட்டுக்காரருக்குள்ள பெரிய கடமை காகிதத்தில் இல்லை. வீட்டின் பின்புறத்து மண்திட்டில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதைந்ததை நாடறியும். ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். மாற்றிடம் கொடுக்கப்படாதவர் எங்கே போவார்? அன்று தோட்ட நிர்வாகங்களைக் குறித்து நாமும் கோபத்தோடு பேசினோம்.

சென்ற 2025 ஒக்டோபரில் அப்பாயி மேலே ஏறி வந்தார். "மாஸ்டர், சமையக்கட்டுக்குப் பின்னால மண்ணுலருந்து கலங்கத் தண்ணி வருது. மழை நின்னும் நிக்கல. எங்க மலையில இப்பிடி வந்தா லயத்தை விட்டு எறங்கிடுவோம்" என்றார். போய்ப் பார்த்தோம். காணின் அடைப்பைக் கொத்தனார் வந்து எடுக்க வேண்டும், தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் போதாது என்பது தெரிந்தது. டிசம்பர் விடுமுறையிற் செய்வோம் என்றோம். கொத்தனார் கூலி, சீமெந்து விலை, விடைத்தாள் திருத்தும் வேலை எல்லாம் மனத்தில் நின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து இடத்தைப் பார்க்கச் செய்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

நவம்பர் கடைசி வாரத்தில் டிட்வா புயலின் மழை வந்தது. மாவட்டமெங்கும் மலைகள் இறங்கின, பலர் மாண்டனர். அன்று பிற்பகலே அப்பாயி நம்மிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பிள்ளைகளையும் பிஸ்கட் தகரத்தையும் எடுத்துக்கொண்டு மருமகளோடு நகரத்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். இரவு தாங்குசுவர் சாய்ந்து சமையலறையின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. காலையில் வெளிச்சத்திற் பார்த்தோம். பிள்ளைகள் படுக்கும் கட்டிலின் கால்மாட்டு வரை சேறு.

தாங்குசுவரை இப்போது முறைப்படி, அடியிற் கல் நிரப்பி, துளைக்குழாய் வைத்துக் கட்டுவிக்கிறோம். இடத்தைப் பார்வையிடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் சரியென்று சொன்னபிறகே கீழ்வீட்டில் ஆள் இருப்பது. குத்தகை உறுதியும் நொத்தாரிசிடம் தயாராகிறது. இளைய பிள்ளைக்கு அடுத்த ஆண்டு முதலாம் தரம். பழுதுபார்ப்பில் எது யார் பொறுப்பு என்பதை அதில் வரிவரியாக எழுதச் சொன்னோம்.

டிசம்பர் மாத வாடகையை அப்பாயி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். குடியிருக்க இயலாதபடி இயற்கை அழித்த வீட்டுக்கு வாடகை குறைத்தலோ விடுதலோ நம் நாட்டிலே நடைமுறையிலுள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. அதை எடுத்துச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் போகவில்லை. "காசு வேணாமின்னா சரி. சீட்டு?" என்றார். நடுவில் ஒரு மாதம் வெறுமையாக இருந்தால் பிறகு கேள்வி வரும் என்பதை எப்படித்தான் அறிந்துகொண்டாரோ! 'டிசம்பர் 2025 - வாடகை இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். தகரத்தைத் திறந்து, மற்றவற்றின் மேல் அதை வைத்து மூடினார்.