சூதாட்டக் கூடத்தில் கடிகாரமே காவல்

சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக் கூடங்களும் 2010இல் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019 வரை அது 100 வெள்ளி. தயங்க வைப்பதற்கான கட்டணம்தான். ஆனால் கட்டிவிட்டவருக்கு ஒரு முழு நாள் கிடைத்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு உட்கார்ந்தே தீர வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான். ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட்டில் பந்தயம் வைக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 2.70 வெள்ளி கூடத்துக்குப் போகிறது. சுற்றுக்கு 10 வெள்ளி, மணிக்கு 40 சுற்று என்றால் மணிக்கு ஏறத்தாழ 11 வெள்ளி; எட்டு மணி நேரத்தில் 86. அதிர்ஷ்டம் இடையில் எப்படிப் புரண்டாலும், ஆடும் நேரம் கூடக்கூட இழப்பை நோக்கியே கணக்கு சாயும். ஆகவே பணத்துக்கு வரம்பு வைப்பவர் வெளியேறும் நேரத்தையும் உள்ளே போகுமுன்பே முடிவு செய்ய வேண்டும். விட்டதைப் பிடிக்க அதை நீட்டவே கூடாது. ஆட்டத்தின் நடுவே பலருக்கும் இந்த உறுதி நிற்பதில்லை. அதற்காக அவர்களைப் பழிப்பது நியாயமில்லை. தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளவும், வருகைக்கு வரம்பு வைக்கவும், குடும்பத்தார் தடை கோரவும் அங்கே சட்டப்படி வழி உண்டு. கடன் வாங்கும் நிலை வருமுன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.