கழிவென்று எழுதுமுன்

சென்ற ஐப்பசி மழையில் சங்க அங்கத்தினர் ஒருவரின் தறிக்கொட்டகை சரிந்தது. தறிக்குழியில் நீர் நிறைந்தது, பாவு நனைந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குச் சங்கம் வாங்கிய பந்தல் மூங்கில் இருக்குமென்று இருப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். ‘கழிவு’ என்று எழுதி, முந்தின மாதமே விறகு விலைக்கு விற்றிருந்தார்கள்.

தள்ளிய பொருளைக் கொண்டு நாலுபேருக்கு நிழல் செய்ய இயலுமா என ஐயுறுவோர் புஜ் நகரை நினைத்தல் நலம். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கத்தால் பாழ்பட்ட ஊர் அது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் என்பார், 1995-இல் கோபே நகரில் வீடிழந்தோருக்குக் காகிதக் குழல்களால் சுவரெடுத்து, மணல் மூட்டையிட்ட பீர்ப் பெட்டிகளை அடித்தளமாக்கி வீடுகள் அமைத்தவர். புஜ்ஜில் அப்பெட்டிகள் கிடைக்கவில்லை. எனவே, இடிந்த கட்டடங்களின் இடிபாடே அடித்தளமாயிற்று. அதன்மேல் அவ்வூர் வழக்கப்படி மண் தரை இடப்பட்டது. கூரைக்குப் பிளந்த மூங்கில் வளைவுகள். அவற்றின்மேல் அவ்வட்டாரத்தார் முடைந்த பிரம்புப் பாய்கள். பாய்களுக்கு இடையே மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

கோபேயில் தொண்டர்கள் அதே ஆண்டு எழுப்பிய காகிதத் தேவாலயம் மற்றொரு பாடம். 58 காகிதக் குழல்களே அதன் தூண்கள். எளிதில் பிரித்தெடுக்கத் தக்கவாறு அமைத்திருந்தமையால், 2005-இல் அது எறியப்படவில்லை. 1999-இல் நிலநடுக்கம் கண்ட தைவான் நாட்டின் தாவோமி என்னும் சிற்றூருக்குச் சென்று, 2008-இல் மீண்டும் எழுந்தது.

ஆகவே, தற்காலிகக் கட்டடத்திற்குச் செலவிடுமுன் அதைப் பிரிக்கும் வழியையும் நிர்வாகக் குழு தீர்மானித்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மூங்கிலை வீணே நறுக்காமலும் ஆணி அறையாமலும் கயிற்றால் கட்டலாம். பிரித்த அன்றே எண்ணிப் பதிவேட்டில் ஏற்றலாம். அண்டைச் சங்கங்களுக்கு இரவல் தரலாம்.

வைக்க இடமேது என்பர். சங்கக் கிடங்கின் ஒரு மூலை போதும். ஆனால் உளுத்த மூங்கிலைத் தூணாக்குவது சிக்கனமன்று, ஆபத்து. காகிதமும் கீற்றும் எளிதில் தீப்பற்றுவன. பொறுப்புள்ளவர் சோதித்துத் தேர்ந்த பொருளே மீண்டும் பந்தலேற வேண்டும்.

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் தன் கிடங்கை ஒருமுறை திறந்து பார்க்குமாக.