வெள்ளி ஏறினால் வீட்டுக்கு லாபமா?

ரூபாய் சரிந்தது என்ற செய்தி அறந்தாங்கிப் பக்கமும் மீமிசல் பக்கமும் பல வீடுகளுக்கு நல்ல செய்தி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் உழைக்கும் வீடுகள் அவை; அந்நாட்டுப் பணத்தை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். 'வெள்ளி ஏறியிருக்கிறது, இப்போதே அனுப்பு' என்று போன் பறக்கும். அந்த மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் அதை வருமான உயர்வாக நினைத்துக் குடும்பக் கணக்குப் போடுவது ஆபத்து. வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இடையிலான நூறாண்டு வரலாறு அதைத் தெளிவாகவே காட்டுகிறது.

1906-ல் மலாயாவில் புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அப்போது இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆக, ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களின் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளின் (வட்டிக்கடைகளின்) கணக்குக்கும், ரப்பர் தோட்டத் தொழிலாளி ஊருக்கு அனுப்பிய பணத்துக்கும் இதுவே அடிப்படை. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதை அடுத்தும் ரூபாய் தாறுமாறாக ஏறி இறங்கியது. பின்னர் ஹில்டன் யங் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1927-ல் அதை 1 ஷில்லிங் 6 பென்ஸில் நிறுத்தினார்கள். வெள்ளியின் விலை 1.55 ரூபாயாக இறங்கியது.

இது சாமானியரை எப்படித் தொட்டது? 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆண் தொழிலாளியின் நாள் கூலி அரை வெள்ளி. பழைய விகிதத்தில் அது 14 அணா. புதிய விகிதத்தில் பன்னிரண்டரை அணாவுக்கும் குறைவு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ரூபாயோடு அம்மன் காசும் செல்லுபடியானது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் பொறித்த சிறு செப்புக் காசு. 20 காசு ஓர் அணா. அந்தக் கணக்கில் 280 காசாக இருந்திருக்க வேண்டிய நாள் கூலி 249 ஆனது. முதலாளி கூலியைக் குறைக்கவில்லை. ஆனாலும் நாளொன்றுக்கு 31 காசு போயிற்று. ஊரில் வாங்கிய கடனோ வட்டியோ அதற்காகக் குறைந்துவிடவில்லை. ஏற்றுமதிப் பயிர் விளைவித்த விவசாயிக்கும் இதே அடிதான். 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில், ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்குத் திருப்ப வேண்டும் என்பதும் ஒன்று. ஆங்கிலேய அரசு இறங்கிவரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. 1949-ல் பவுண்டு மதிப்புக் குறைந்தபோது ரூபாயும் மலாயா வெள்ளியும் சேர்ந்தே இறங்கின. 1966 ஜூன் 6 அன்றுதான் எல்லாம் புரண்டது. ஒரு அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. முந்தைய நாள் 155 ரூபாயாக இருந்த 100 வெள்ளி, ஒரே இரவில் 245 ரூபாய்! அனுப்பியவருக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்திருக்கும். ஆனால் வறட்சியும் உணவுப் பஞ்சமும் சூழ்ந்த காலம் அது. அரிசி விலைதான் அன்று அரசியல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு 1967 தேர்தலைச் சந்தித்த திமுக ஆட்சியைப் பிடித்தது. கைக்குக் கூடுதலாக வந்த ரூபாயில் பெரும்பகுதியைக் கடைத்தெரு பிடுங்கிக்கொண்டது.

மலேசியா, சிங்கப்பூர் பக்கமும் நிலைமை சீராக இல்லை. 1967 நவம்பரில் பவுண்டு மீண்டும் சரிந்தபோது, பழைய மலாயா நோட்டின் ஒரு வெள்ளி புதிய பணத்தில் 85 சென் மட்டுமே என்றானது. பினாங்கில் கடையடைப்பு கலவரமாக வெடித்தது. 1973 மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமம். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். ஜொகூருக்குப் போன அண்ணனுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போன தம்பிக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு வரும் என்று அன்று யார் கணித்திருக்க முடியும்?

இன்று சிங்கப்பூர் வெள்ளி 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. கூடவே, நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயும் தங்கமும் ரூபாய் சரியச் சரிய விலை ஏறுகின்றன. மகள் கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கும் தாய்க்கு வெள்ளி ஏற்றத்தில் கிடைத்தது நகைக்கடையிலேயே கரைகிறது. விகிதம் லண்டனிலோ டெல்லியிலோ உலகச் சந்தையிலோ முடிவாகிறது. சுமப்பது ஊர்க் குடும்பம்.

நம் கைக்கு எட்டுவது வேறொன்று. அதுதான் அனுப்பும் செலவு. 200 டாலர் அனுப்ப உலக சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. இந்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாத பகுதி, சந்தை விகிதத்துக்கும் கடைக்காரர் தரும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. 'கட்டணம் இல்லை' என்று பலகை மாட்டிவிட்டு வெள்ளிக்கு ஒரு ரூபாய் குறைத்துத் தந்தால், 1,000 வெள்ளி அனுப்புபவர் 1,000 ரூபாய் இழக்கிறார். சட்டத்துக்குப் புறம்பான உண்டியல் (ஹவாலா) முறைக்கு ஆட்கள் போவதற்கும் இந்த இடைவெளி ஒரு காரணம்.

2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் ஆகிய உடனடிப் பணப் பரிமாற்ற முறைகள் இணைக்கப்பட்டன. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? அயலகத் தமிழர் நலவாரியம், எந்த வழியில் அனுப்பினால் கையில் எவ்வளவு சேரும் என்ற ஒப்பீட்டைத் தமிழில் நாள்தோறும் வெளியிட வேண்டும். வெளிநாடு புறப்படுபவருக்கு ஏஜென்ட் கட்டணத்துக்காகக் கந்துவட்டி வாங்கும் நிலை வராமல், புதுக்கோட்டை மாவட்டத்தின் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் கிடைக்கும் மிச்சம், வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் குடும்பத்தின் கையிலேயே இருக்கும்.