விமானத்தின் ஆயுதம் தரைக்கு இறங்குவது ஏன்?

புதுதில்லி: பறக்கும் பணிக்கான ஆயுள் முடிந்த ஏவுகணைகளை வாகனத்தில் ஏற்றி, தரையிலிருந்து வானை நோக்கி ஏவும் "சமர்" திட்டம் குறித்து விமானப் படை பெருமை கொள்கிறது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த பெயர் என்றாலும், தமிழ் வாசகர்களுக்கு "சமர்" என்பதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. ரஷியத் தயாரிப்பான ஆர்-73 ஏவுகணை சமர்-1 ஆகவும், ஆர்-27 சமர்-2 ஆகவும் மாற்றப்பட்டன. இதைச் செய்தவை விமானப் படையின் சொந்தப் பழுதுபார்ப்புப் பணிமனைகள். 2023 டிசம்பரில் ஆந்திரத்தின் சூர்யலங்காவில் நடைபெற்ற அஸ்திரசக்தி பயிற்சியில் சமர் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இந்த உத்தி புதிதன்று. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 1930-களில் ஏற்று, இச்சாபூர் தொழிற்சாலையில் தயாரித்த விக்கர்ஸ்-பெர்த்தியர் துப்பாக்கியின் வடிவமைப்பிலிருந்தே "விக்கர்ஸ் கே" என்ற விமான இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. விமானங்களில் அதன் இடத்தை பிரௌனிங் துப்பாக்கிகள் பிடித்தபோது, மிஞ்சியவை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜீப்புகளில் ஏறின. 1942 ஜூலையில் எகிப்தின் சிதி ஹனீஷ் விமானதளத்துக்குள் 18 ஜீப்புகள் புகுந்து, நின்றிருந்த ஜெர்மன் விமானங்களைச் சுட்டெரித்தன.

எனினும், இடம் மாறினால் குணமும் மாறும். வானில் எதிர்க்காற்றே துப்பாக்கிக் குழலைக் குளிர்விக்கும். தரையில் அந்த வசதி இல்லை. நிமிடத்துக்கு ஆயிரம் குண்டுகள் வரை கக்கும் ஆயுதம் விரைவிலேயே சூடேறிவிடும்; தோட்டாவையும் தின்று தீர்க்கும். ஏவுகணைக்கும் இதே கதிதான். விமானத்தின் வேகமும் உயரமும் சேர்ந்து ஏறத்தாழ 30 கி.மீ. எட்டும் ஆர்-73, தரையில் அசைவற்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சுமார் 8 கி.மீ.க்குச் சுருங்குகிறது.

பழைய ஆயுதத்தை ஏளனம் செய்வதற்கில்லை. 2025 மே 8 இரவில் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் ஏவியதாக அரசு அறிவித்தது. அவற்றை எதிர்கொண்டவற்றில் 1960-களில் வந்த எல்-70 பீரங்கிகளும் உண்டு. நவீன உணர்கருவிகளும் ரேடார் இணைப்பும் பெற்றிருந்ததால்தான் அவை பயன்பட்டன. மலிவான ட்ரோனை வீழ்த்த விலையுயர்ந்த ஏவுகணையைச் செலவிடுவது எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வான் பாதுகாப்புத் தளவாடங்களில் 97 சதவீதம் காலாவதியானவை என்று அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி வி.கே. சிங் 2012-இல் பிரதமருக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்து, அவையில் அமளி எழுந்தது. கசிந்தது எப்படி என்பதில் காட்டப்பட்ட அக்கறை, கடிதத்தின் உள்ளடக்கத்தில் காட்டப்படவில்லை. தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு 2010-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. இக்லா-எஸ் தேர்வானது 2018-இல்தான். இத்தகைய தாமதங்களே பணிமனைகளின் கெட்டிக்காரத்தனத்தை அவசியமாக்குகின்றன.

2035-க்குள் நாடு தழுவிய பாதுகாப்புக் கவசம் அமைக்கும் "சுதர்சன சக்கர" திட்டத்தைப் பிரதமர் 2025 ஆகஸ்ட் 15-இல் அறிவித்தார். அதுவரையிலான இடைவெளியை நிரப்ப சமர் உதவும். ஆனால், பணிமனை மிச்சப்படுத்தியதைக் காரணம் காட்டி நிதி அமைச்சகம் புதிய கொள்முதலைத் தள்ளிப்போட இடம் தரலாகாது. மாற்றியமைக்கத்தக்க ஏவுகணைகள் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும், அவற்றின் எரிபொருளும் மின்கலங்களும் எத்தனை காலம் தாங்கும் என்பதைப் பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு மூடிய அறையிலாவது கேட்டுப் பெற வேண்டும்.