மடத்தைக் காணச் செல்லும் நம் பிள்ளைகள்

சங்கராபுரத்துப் பள்ளியொன்று, செஞ்சிக் கோட்டையோடு அருகிலுள்ள மேல்சித்தாமூர் சமண மடத்தையும் காணக் கல்விச் சுற்றுலா அழைத்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட நம் பெற்றோர் சிலர் தயங்குவர். பிள்ளையின் ஈமான் குறித்த அந்த அச்சம் எள்ளத்தக்கதன்று.

ஆயினும், காண்பது வேறு, வணங்குவது வேறு. மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். நம் பிள்ளைகள் பயிலும் நன்னூலை இயற்றிய பவணந்தியார் ஒரு சமண முனிவரே.

ஜெருசலத்தில் உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவ ஆலயத்தினுள் இருக்கையில் தொழுகை நேரம் வந்தது. அங்கேயே தொழுமாறு தலைமைக் குரு வேண்டினார். பின்வரும் முஸ்லிம்கள் அவ்விடத்திற்கு உரிமை கோரிவிடலாகாது எனக் கருதி, உமர் (ரலி) அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உள்ளே சென்றதால் அவர்களுடைய ஈமான் குறையவில்லை.

ஆகவே பிள்ளைகளை அனுப்புங்கள். வழிபாட்டில் பங்கேற்கவோ பிரசாதம் உண்ணவோ இயலாது என்பதை ஆசிரியரிடம் முன்னரே பணிவுடன் கூறுங்கள். அங்கே அமைதி காக்கவும், எவரையும் கேலி செய்யாதிருக்கவும், லுஹர் தொழுகையை மறவாதிருக்கவும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதும் செல்லும் நாளில் வீட்டில் நிறுத்தப்படும் பிள்ளைக்கு மார்க்கம் ஒரு தடையாகவே தோன்றும்.

அடுத்த ஆண்டு அதே வகுப்பை நம் பள்ளிவாசலுக்கு அழைப்போம், இன்ஷா அல்லாஹ்.