மேம்பாட்டுப் பட்டியலில் இல்லாத மனிதர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச்சின்னம், முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று அங்கே மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்துகிறார்கள். இரண்டாம் போரிலும் இவ்வூருக்குத் தொடர்புண்டு. பிரான்ஸ் வீழ்ந்தபின், 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வேன் தெ கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்ந்துகொண்டார். அதே கொடியின் கீழ் சோவியத் மண்ணில் போரிட்ட வான்படை அணிதான் நோர்மாந்தி-நியெமென். அவ்வணி ஓட்டிய யாக் ரகப் போர்விமானங்களை இன்று 'வார் தண்டர்' என்னும் கணினி விளையாட்டில் எவரும் ஓட்டலாம்.

அவ்விளையாட்டில் விமானம் முதலில் கைக்கு வரும்போது சற்று மந்தமாகவே இருக்கும். பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு எஞ்சின், இறக்கை, துப்பாக்கி ரவை என ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம். பொறுமையில்லாதவர் பணம் கட்டியும் வாங்கலாம். எந்த மேம்பாட்டுக்கும் விமானம் எதையும் இழப்பதில்லை என்றே ஆடுபவருக்குத் தோன்றும். என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

யாக்-3 உருவான கதை வேறு. யாக்-1இன் 10 மீட்டர் இறக்கை அகலம் 9.2 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மூக்கின் அடியிலிருந்த எண்ணெய்க் குளிர்விப்பான் இறக்கையின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டது. மொத்த எடை ஏறத்தாழ 2,700 கிலோதான். தாழ்வான உயரங்களில் அதற்கு ஈடுகொடுக்க ஜெர்மானிய விமானங்கள் திணறின. ஆனால் அந்த இலேசுத்தன்மைக்கு விலையும் இருந்தது. எரிபொருள் குறைவு, ஆகவே நெடுந்தொலைவு செல்ல முடியாது. உயரே போகப் போக எஞ்சின் தளர்ந்தது. செங்குத்தாகப் பாய்ந்து மீளும்போது இறக்கையின் ஒட்டுப்பலகைத் தோல் பிய்ந்த நேர்வுகளும் உண்டு. ஒன்றைப் பெற ஒன்றை விடுவதே பொறியியல். விளையாட்டின் மேம்பாட்டுப் பட்டியல் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

அது மறைக்கும் இன்னொன்றும் உண்டு. 1944 ஜூலை 15 அன்று, அணி தளம் மாறிக்கொண்டிருந்தபோது, மொரிஸ் தெ சேன் தம் ஒற்றை இருக்கை யாக்-9இல் சோவியத் மெக்கானிக் விளாதிமீர் பெலோசுப்பைத் தமக்குப் பின்னால் இடுக்கில் ஏற்றிச் சென்றார். எரிபொருள் கசிந்து, அதன் ஆவியால் விமானிக்குக் கண் தெரியாமல் போயிற்று. வெளியே குதிக்குமாறு தரையிலிருந்து ஆணை வந்தது. ஆனால் மெக்கானிக்கிடம் பாராசூட் இல்லை. தெ சேன் குதிக்கவில்லை. தரையிறங்க மீண்டும் மீண்டும் முயன்றார். இறுதியில் இருவரும் மாண்டனர்.

விளையாட்டு என்பது பொழுதுபோக்கு, அதனிடம் வரலாற்றைக் கேட்பது நியாயமா என்று வாசகர் வினவலாம். நியாயமே என்பேன். ரவையின் விட்டத்தையும் எஞ்சினின் குதிரைத்திறனையும் இவ்வளவு நுணுக்கமாகத் தேடித் தொகுத்தவர்கள், அவற்றை இரவெல்லாம் பழுதுபார்த்த கைகளை மட்டும் மறப்பது தற்செயலன்று. எண்ணாக மாற்றக்கூடியது விற்பனைக்கு வருகிறது, மாற்றமுடியாதது விடுபடுகிறது. உறுதிசெய்யப்பட்ட 273 வெற்றிகள் அவ்வணியின் கணக்கில் உள்ளன. மாண்ட விமானிகள் 40க்கும் மேற்பட்டோர். முதல் எண் விளையாட்டுக்குள் எளிதில் பொருந்தும். இரண்டாவது பொருந்தாது, ஏனெனில் அங்கே சுடப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் பறக்கிறார்.

இளைஞர்கள் ஆடக்கூடாது என்று சொல்லவரவில்லை. யாக் என்ற பெயரையே பலர் அறிந்தது இவ்வகை விளையாட்டுகளால்தான். அடுத்த முறை எஞ்சினை மேம்படுத்தும் பொத்தானை அழுத்தும்போது, அந்த வேலையைச் செய்தவர் பெலோசுப்பைப் போன்ற ஒருவர் என்பது நினைவுக்கு வந்தால் போதும்.