வாட்ச்சுக்கும் ஹெல்மெட் வேணுமா பாஸ்?

அரியர் ஃபீஸ் போக மிச்சம் பிடிச்ச காசுல ஸ்மார்ட் வாட்ச் வாங்கியாச்சா? பஸ் கம்பியில ஒரு இடி போதும், கோடு விழுந்துடும். உடனே கடைக்குப் போனா, "9எச் கிளாஸ் தம்பி, வைரம் மாதிரி!" என்பார்கள். நம்பிடாதீங்க! 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கணக்கு. மோஸ் அளவில் வைரம் 10, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் 6. அதாவது, கிரவுண்ட் மணலே கீறிடும்!

தட்டையான திரையா? டெம்பர்டு கிளாஸ் ஓகே. அடியைத் தான் வாங்கிக்கும். ஓரம் வளைஞ்சதா? கிளாஸ் தூக்கிக்கும், டிபியு ஃபிலிம் ஒட்டுங்க. சஃபையர் கண்ணாடியா? அது மோஸ் 9. கீறலுக்குக் கவலையே வேண்டாம், அந்தக் காசு கேன்டீனுக்கு!

எதை ஒட்டினாலும் முதல்ல தூசியைத் துடைங்க மக்களே!